பாயிண்ட் இல்லாத காரில் ஒரு மாப்பிள்ளை

அன்று கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் அந்தக் காருக்குள் இருந்தவர்கள் மொத்தம் நான்கே பேர். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இப்போது எங்கள் சொந்தத்தில் யாரைக் கேட்டாலும் “நானும் அந்த வண்டியிலதான் இருந்தேன்” என்கிறார்கள். எல்லோரையும் சேர்த்தால் ஓர் அம்பாசடரில் அறுபது பேர் ஏறியிருக்க வேண்டும். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவன் குமார், மணப்பெண்ணின் தம்பி. அவன் பக்கத்தில் என் தோஸ்து பாபு. பின்சீட்டில் இடது ஓரம் என் அக்கா விஜயா. வலது ஓரம் கோட்டு சூட்டு, கழுத்தில் ரோஜா மாலை, மணிக்கட்டில் காப்பு, நெற்றியெல்லாம் வியர்வை: நான். கல்யாண மாப்பிள்ளை.

நான் பிறவியிலேயே பயந்தவன். ராத்திரி என் மெக்கானிக் ஷெட்டைப் பூட்டிவிட்டுப் பூட்டை இழுத்துப் பார்ப்பேன். நான் இழுத்த இழுப்பில் திறந்துகொண்டிருக்குமோ என்று மறுபடி இழுப்பேன். வீட்டுக்குப் பாதி வழி வந்தபிறகு திரும்பிப் போய் இன்னொரு தடவை. (தண்டையார்பேட்டையில் அந்தத் தெரு நாய்கள்கூட என்னைக் கண்டால் குரைப்பதை நிறுத்திவிட்டன. அலுத்துப் போயிருக்கும்.)

செல்போனில் நமக்கு வருகிற அழைப்புக்கும் நாமே காசு கட்டிக்கொண்டிருந்த காலம் அது. எனக்கு இருபத்தேழு வயது. படிப்பு எட்டாம் வகுப்பு, அதிலும் பெயில். அப்பா இறந்த வருஷமே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஸ்பானர் பிடித்தவன். தமிழ் பேப்பர் வரி விடாமல் படிப்பேன். இங்கிலீஷ் என்றால் எழுத்து எழுத்தாகக் கூட்டி, கடைசி எழுத்துக்கு வருவதற்குள் முதல் எழுத்து மறந்துவிடும். ஆனால் பெண் பார்க்கப் போன இடத்தில் அக்கா, “தம்பி பத்தாவது முட்ச்சிட்டு தொழிலுக்கு வந்துட்டான்” என்று தைரியமாக அடித்துவிட்டாள். பெண் சுமதி பன்னிரண்டாவது முடித்து டைப்ரைட்டிங் தமிழ், இங்கிலீஷ் இரண்டும் பாஸ். ஹார்பர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. கல்யாணத்துக்கு முன்னால் மாமனார் இதைக் கண்டுபிடித்துவிடுவாரோ என்பதுதான் என் பயங்களிலேயே பெரிய பயம்.

மாமனார் வேதாசலம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். திருவொற்றியூரில் வீடு. வாசலில் ஏலத்தில் எடுத்த பழைய அம்பாசடர். அதற்கு வயது என்னைவிட அதிகம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மற்றவர்கள் கறிக்கடையில் வரிசையில் நிற்கும்போது, அவர் பானட்டைத் திறந்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, பாயிண்டை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பாயிண்ட் இரண்டு சின்ன உலோக முனைகள், அவ்வளவுதான். இஞ்சின் சுற்றச் சுற்ற ஒட்டும், பிரியும். பிரியும்போதுதான் பிளக்கில் பொறி வரும். முனை கருகினால் தேய்க்க வேண்டும். நடுவில் எவ்வளவு இடைவெளி என்பதற்கு அவரிடம் அளவுகோல் கிடையாது, நறுக்கி வைத்த போஸ்ட் கார்டுத் துண்டு ஒன்று உண்டு. அதை நுழைத்துப் பார்த்து, “தோ, கரீட்டா கீது” என்பார்.

மாப்பிள்ளையை அழைத்துவர அந்தக் காரைத்தான் அனுப்புவதாக முடிவாயிற்று. அவ்வளவுதான், என் மண்டைக்குள் மோட்டார் ஓட ஆரம்பித்துவிட்டது. வழியில் பாயிண்ட் கருகினால்? ஸ்பிரிங் உடைந்தால்? முகூர்த்தம் ஒன்பதுக்கு மேல் பத்தரைக்குள். நடுவழியில் நின்றால் என்ன கதி?

அப்போதுதான் என் ஷெட்டுக்கு வந்துபோகும் கப்பல்காரர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து ஒரு சாமான் கொண்டுவந்தார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி, கூடவே ஒரு காந்த வளையம். எலக்ட்ரானிக் இக்னிஷன். பாயிண்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பெட்டியை வைத்தால் போதும். ஒட்டுவது பிரிவது ஒன்றும் இல்லை, தேய்மானமே கிடையாது. பயந்தவனுக்கு இதைவிட வேறென்ன வரம் வேண்டும்? இருந்த காசைக் கொடுத்து வாங்கிக்கொண்டு நேராக மாமனார் வீட்டுக்குப் போனேன்.

“எதுக்கு மாப்ள இது?” என்றார். “நம்ம பாயிண்டு நல்லாத்தானே கீது?”

“வெளிநாட்டுல எல்லாப் பழைய வண்டிக்கும் இதத்தான் மாட்டுறாங்க மாமா. ஆயுசுக்கும் கைவைக்கத் தேவையில்ல.”

“கைவைக்கலன்னா ஞாயித்துக்கெயம நான் இன்னா பண்றது?”

இருந்தாலும் வரப்போகும் மருமகன் ஆசையாகக் கேட்கிறானே என்று ஒத்துக்கொண்டார்.

பெட்டியோடு ஒரு தாள் வந்திருந்தது. பொடிப்பொடியாக முழுக்க இங்கிலீஷ். நடுவில் ஒரு கட்டம், கட்டத்துக்குள் கறுப்பாகத் தடித்த எழுத்தில் நாலு வரி, பக்கத்தில் ஒரு கை படம். அவர் பார்த்துக்கொண்டே நின்றார். நான் தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் படித்தேன். அதாவது, கண்ணை இடமிருந்து வலமாக ஓட்டினேன். நடுநடுவே “ம்ம்” என்றேன். ஒருமுறை புருவத்தைக்கூடத் தூக்கியதாக ஞாபகம்.

“எல்லாம் ஒயுங்கா கீதா மாப்ள?”

“நாம வழக்கமா செய்யறதத்தான் எழுதியிருக்கான் மாமா.”

தடித்த எழுத்தில் இருந்தது கம்பெனி விலாசம் என்று நானே தீர்மானித்துக்கொண்டேன்.

படத்தைப் பார்த்துப் பார்த்தே மாட்டினேன். இதைப் பெருமையாகவே சொல்வேன், மாட்டியதில் ஒரு குறையும் இல்லை. சாவியைத் திருப்பினால் அரைச் சுற்றில் இஞ்சின் பிடித்துக்கொண்டது. மாமனாரை உட்காரவைத்து எண்ணூர் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனேன். காத்திவாக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் தலைநிமிர்ந்து பார்த்தார்கள். (வண்டியைப் பார்த்தார்களா, என்னைப் பார்த்தார்களா என்று எனக்கு அன்று சந்தேகமே வரவில்லை.) ஒரு திணறல் இல்லை, ஒரு உதறல் இல்லை. மாமனார் கடல் காற்றில் கண்ணை மூடிக்கொண்டு, “தையல் மிஷினாட்டம் கீது மாப்ள” என்றார். இன்றைக்கும் எண்ணூர்ச் சாலையில் லாரிப் புகைக்கு நடுவே போகும்போது அந்த ஐந்து மைல் எனக்கு ஞாபகம் வரும். நான் பயப்படாமல் வண்டி ஓட்டிய ஒரே நாள் அது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வைகாசி மாசம், கோட்டு சூட்டு. எனக்கு வியர்த்தால் பவுடர் கரைந்து வழியும், போட்டோவில் திட்டுத்திட்டாக விழும் என்று அடுத்த கவலை. காரில் ஒரு சின்ன மின்விசிறி வைத்தேன். அதற்கு மின்சாரம் எங்கிருந்து? கைக்கெட்டிய இடத்தில், பிளக்கின் பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலுக்குப் போகும் ஒயரிலேயே ஒரு முடிச்சு. சாவியைத் திறந்தால் விசிறி சுற்றும், மூடினால் நிற்கும்.

கழற்றிய பழைய பாயிண்டையும் கண்டென்சரையும் கர்சீப்பில் சுற்றிப் பத்திரமாக வைத்துக்கொண்டேன். கல்யாணத்தன்று காலை அதைக் கோட்டுப் பாக்கெட்டிலும் போட்டேன்.

எட்டேகாலுக்கு எங்கள் கொருக்குப்பேட்டை வீட்டிலிருந்து கிளம்பினோம். எட்டரைக்கு ரயில்வே கேட்டில் நின்றோம்.

அந்த கேட்டைத் தெரிந்தவர்களுக்கு நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்கு: கூட்ஸ் வண்டி வரும், பாதி போகும், நிற்கும், யோசிக்கும், பின்னால் வரும். கேட்டில் நின்றவர்கள் இரண்டு பக்கமும் டீ குடித்து, சண்டை போட்டு, சமாதானமும் ஆகிவிடுவார்கள்.

குமார் இஞ்சினை நிறுத்திச் சாவியை மூடினான். விசிறி நின்றது. ஒரே நிமிஷத்தில் என் காதுக்குப் பின்னால் பவுடர் ஓட ஆரம்பித்தது.

“குமாரு, சாவிய ஒண்டி தொறந்து வெய். ஃபேன் ஓடட்டும்” என்றேன்.

“இஞ்சினு?”

“இஞ்சின் வேணாம், பெட்ரோல் வேஸ்ட்டு.”

இருபத்தைந்து நிமிஷம் விசிறி சுகமாகச் சுற்றியது. என் கல்யாண வாழ்க்கையின் முதல் பெரிய தப்பைச் செய்துகொண்டே நான் கண்ணை மூடி முருகனைக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

கேட் திறந்தது. குமார் ஸ்டார்ட்டரைப் போட்டான். இஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி சுற்றியது, பிடிக்கவில்லை. பின்னால் ஹாரன் சத்தம் வானத்தைப் பிளந்தது.

“நான் இறங்கிப் பார்க்கிறேன்” என்று கதவில் கை வைத்தேன்.

அக்கா என் கோட்டைப் பிடித்து இழுத்தாள். “டேய்! காப்பு கட்டி, மாலை போட்டு உக்கார வெச்சிகீது. பொண்ணூட்டு ஆரத்திக்கு முன்னாடி நடுரோட்ல கால வெச்சியானா பாரு!”

“அக்கா, வண்டில நான் ஒருத்தன்தான் மெக்கானிக்!”

“இன்னிக்கு நீ மெக்கானிக் இல்ல. மாப்ள. குந்து.”

ஆகவே தொழில் தெரிந்தவன் உள்ளே உட்கார்ந்து ஜன்னல் வழியாகக் கத்த, தொழில் தெரியாத இரண்டு பேர் பானட்டைத் திறந்தார்கள்.

“பாபு, ஒரு பிளக் ஒயரக் கழட்டி நுனியக் கைல புடி! குமாரு ஸ்டார்ட் பண்ணுவான். ஷாக் அடிக்குதான்னு சொல்லு!”

“இன்னா நைனா, உன் கல்யாணத்துல எனக்குக் காரியம் பண்ண பாக்கிறியா?”

“புடிடா!”

பிடித்தான். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு பிடித்தான். குமார் சாவியைத் திருப்பினான். பாபு ஒரு கண்ணைத் திறந்தான். பிறகு இன்னொன்றை. ஜன்னலுக்கு வந்து, துக்கம் விசாரிக்கிற குரலில், “மாமு, ஒண்ணுமே அடிக்கலடா” என்றான்.

“அந்தக் கறுப்புப் பெட்டியத் தொட்டுப் பாரு.”

தொட்டவன் துள்ளினான். “யம்மா! தோசக்கல்லாட்டம் கொதிக்கிது! கருகின வாசனை வேற.”

பெட்டி போய்விட்டது. பாயிண்டாக இருந்தால், கருகினாலும் உப்புத்தாளால் தேய்த்துப் போட்டு ஓட்டிவிடலாம். இதற்குள் தேய்க்க என்ன இருக்கிறது? அப்போதுதான் என் பயந்த புத்தியை நானே மெச்சிக்கொண்டு, கோட்டுப் பாக்கெட்டில் கையை விட்டேன். பழைய பாயிண்ட் இருக்கிறதே! பாக்கெட்டில் ஒரு எலுமிச்சம்பழம்தான் இருந்தது.

“அக்கா, இதுல ஒரு கர்சீப் முடிச்சு வெச்சிருந்தேனே?”

“அந்தக் கரி மூட்டயா? கல்யாணத் துணில கலீஜா இன்னாத்தயோ கட்டி வெச்சிகீறன்னு நான்தான் எடுத்துக் குப்பையில போட்டேன். திருஷ்டிக்கு எலுமிச்சம்பயம் வெச்சேன்.”

மணி ஒன்பது ஐந்து. திருவொற்றியூர் இன்னும் மூன்று மைல்.

“ஆட்டோல போய்டலாம்க்கா.”

“பொண்ணூட்டு வண்டில ஏறி, பொண்ணூட்டு வாசல்ல எறங்கணும். நடுவுல வண்டி மாறுனா வாய்க்கை மாறிடும்னுவாங்க. கேள்விப்பட்டதில்ல?” (நான் கேள்விப்பட்டதில்லை. அக்காவும் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டாள் என்பது என் சந்தேகம். ஆனால் அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. அப்பா அம்மா இல்லாத தம்பிக்கு ஒரு குறையும் இல்லாமல் கல்யாணம் செய்துவைக்க வேண்டும் என்று வளையலை விற்றவள் அவள்.)

கேட்டில் எங்களுக்கு இடது பக்கம் ஒரு மீன்பாடி வண்டி நின்றிருந்தது. பழைய மோட்டார் சைக்கிள் இஞ்சினைப் பொருத்தி, முன்னால் பலகை போட்ட மூன்று சக்கர வண்டி. பலகையில் இரண்டு கூடை சங்கரா மீன், சாக்கில் சுற்றிய ஐஸ்கட்டி. ஓட்டிவந்தவர் பெயர் தாஸ் என்பது பிறகு தெரிந்தது. அதுவரை எல்லாவற்றையும் பீடியோடு ரசித்துக்கொண்டிருந்தவர், பீடியைக் கீழே போட்டுவிட்டு வந்தார்.

“இன்னா மாப்ள, எந்த மண்டபம்?”

சொன்னேன்.

“நானும் திருவொத்தியூரு மார்க்கெட்டுக்குத்தான் போய்கினுகீறேன். கயிறு கீது. கட்டி இஸ்துகினு போறேன். ஐஸு கரையறதுக்குள்ள ஜல்தி சொல்லு.”

“உங்க வண்டி இழுக்குமா?”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “என்துல கரண்டுப் பெட்டி கிரண்டுப் பெட்டி ஒண்ணும் கெடையாது நைனா. சொம்மா பாயிண்டு. காலைல தேச்சிவுட்டுதான் வந்தேன்.”

“கட்டுங்க” என்றேன்.

முன்னால் மீன்பாடி. நடுவில் நங்கூரம் கட்டுகிற நைலான் கயிறு. அதன் பின்னால் ரோஜாப் பூவால் ஜோடித்த அம்பாசடர். பின்னால் பாபுவும் அக்காவும் கேட்டில் நின்ற ஏழெட்டுப் பேரும் தள்ள, ஸ்டியரிங்கில் குமார் இருக்க, பின்சீட்டில் நான் ஒருவன் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தேன். வண்டி உருள ஆரம்பித்ததும் அக்கா ஓடிவந்து ஏறிக்கொண்டாள். பாபு மீன்பாடியில் தொற்றிக்கொண்டான். வழிநெடுகப் பார்த்தவர்களின் கிண்டல்.

“மாமு, மீனு எவ்ளோ? மாப்ள எவ்ளோ?”

“பொண்ணு ஓடிப்போய்டும், ஜல்தி போ நைனா!”

ஒரு பள்ளத்தில் மீன்பாடி தூக்கிப் போட்டது. ஒரு சங்கரா மீன் கூடையிலிருந்து எகிறி எங்கள் பானட்டின் மேல், சரியாகப் பூமாலைக்கு நடுவே வந்து விழுந்தது. நிறுத்தி எடுக்க நேரமில்லை. எங்கள் கல்யாண ஆல்பத்தின் முதல் போட்டோவில் அந்த மீனும் இருக்கிறது. என்னைவிட அது கொஞ்சம் நிம்மதியாகத் தெரியும்.

மண்டப வாசலில் நிற்கும்போது மணி பத்து. நாதஸ்வரக்காரர் வாயில் வைத்ததை எடுத்துவிட்டார். ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்கள் முதலில் மீன்பாடிக்கு எடுப்பதா, காருக்கு எடுப்பதா என்று தடுமாறினார்கள்.

மாமனார் வந்தார். என்னைப் பார்க்கவில்லை. நேராகப் பானட்டைத் திறந்தார். பெட்டியைத் தொட்டார். காயிலைத் தொட்டார். விசிறியிலிருந்து வந்த ஒயரை விரலால் தடவிக்கொண்டே போய், அது சேரும் இடத்தில் நின்றார். பிறகு உள்ளே குனிந்து, டேஷ்போர்டு அறையில் கிடந்த அந்தத் தாளை எடுத்து, மூக்குக்கண்ணாடி போட்டுப் படித்தார். நான் பத்து நிமிஷம் படித்ததை அவர் ஒரு நிமிஷத்தில் முடித்தார். தடித்த எழுத்துக் கட்டத்தில் அவர் விரல் நின்றது. அங்கேயே நின்றது. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

அவருக்குத் தெரிந்துவிட்டது. வண்டி ஏன் நின்றது என்பது மட்டும் இல்லை, எட்டாம் வகுப்பு, புருவம் தூக்கியது, எல்லாமே. கல்யாணம் நின்றுவிட்டது என்றே நினைத்தேன். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து அவருடைய பங்காளி ஒருவர் சத்தமாக, “இன்னா வேதாசலம், மாப்ள பெரிய மெக்கானிக்குன்னு சொன்னியே! மீன்பாடி இஸ்துகினு வருது?” என்றார். சுற்றிலும் சிரிப்பு.

மாமனார் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

“என் வண்டிப்பா, என் தப்பு” என்றார். “காயிலு பயசு, மாத்திடுங்க மாமான்னு மாப்ள அன்னிக்கே சொன்னாரு. நான்தான் கஞ்சத்தனம் பண்ணிட்டேன். யாரும்மா அது, ஆரத்தி எடு, நேரமாவுது!”

நான் அப்படி எதையும் சொன்னதே இல்லை.

பத்து இருபதுக்குத் தாலி கட்டினேன். மூன்றாவது முடிச்சை நாத்தனாராகிய அக்காதான் போட்டாள்.

மறுவீட்டுக்குப் போனபோது காரில் புதுக் காயிலும் புதுப் பாயிண்டும் இருந்தன. சாப்பாடு முடிந்ததும் மாமனார் அந்தத் தாளைச் சுமதியிடம் நீட்டினார். “என் கண்ணாடிய எங்கயோ வெச்சிட்டேன்மா. இத்தப் படிச்சுத் தமிழ்ல சொல்லு. மாப்ளையும் கேக்கட்டும், நானும் கேட்டுக்கறேன்.” கண்ணாடி அவர் சட்டைப் பையில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

சுமதி நிதானமாகப் படித்தாள். தடித்த கட்டத்துக்கு வந்ததும் நின்றாள். “இஞ்சின் ஓடாத நேரத்தில் சாவியைத் திறந்து வைக்கவே கூடாது. வைத்தால் பெட்டி எரிந்துவிடும்.” என்னைப் பார்த்தாள். விசிறியைப் பற்றி அவளுக்குக் குமார் ஏற்கெனவே சொல்லியிருந்தான். ஒரு நிமிஷம் உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தவள், அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். புரையேறி, தண்ணீர் குடித்து, மறுபடி சிரித்தாள். எட்டாவது பெயிலை அன்றைக்கே நானாகச் சொல்லிவிட்டேன். அதற்கும் சிரித்தாள். வந்த பயங்களிலேயே பெரிய பயம் அப்படித்தான் என்னை விட்டுப் போயிற்று.

இப்போதும் வீட்டில் கேஸ் அடுப்பு, தண்ணீர் மோட்டார், எதை நிறுத்த மறந்தாலும் அவளும் பிள்ளைகளும் ஒரே குரலில், “சாவிய மூடியாச்சா மாப்ள?” என்பார்கள். மாமனார் இருந்த வரைக்கும் இதில் அவர் மட்டும் சேர்ந்துகொண்டதில்லை. பேப்பருக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொள்வார். பேப்பர் குலுங்கும்.

தாஸ் விஷயம் மட்டும் முடியவில்லை. அன்று மண்டப வாசலில் அவர் கேட்டது நூற்றைம்பது ரூபாய். “வண்டி உங்களுது, நீங்க குடுங்க” என்றாள் அக்கா. “பெட்டி உங்களுது, நீங்கதான் குடுக்கணும்” என்றான் குமார். “ரெண்டு வூடும் பேசி முட்ச்சி வைங்கப்பா, என் மீனு நாறிடும்” என்று அவர் போய்விட்டார். அடுத்த வாரமே காசிமேட்டில் தேடிப்பிடித்துப் பணத்தை நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“வாங்கிட்டா கணக்கு முட்ச்சிடும் மாப்ள. அப்பால உன்ன எந்த உரிமையில கலாய்க்கிறது?”

பெரியவளுக்குக் காது குத்தினபோது வந்தார், வாங்கவில்லை. சின்னவன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது கேட்டேன், வாங்கவில்லை. மாமனார் காரியத்துக்கு வந்து பந்தலில் கடைசி வரைக்கும் உட்கார்ந்திருந்தவர், கிளம்பும்போது என் தோளைத் தட்டி, “பாக்கி அப்டியே கீது, மறந்துடாத” என்றார். அப்பா போனபிறகு சுமதி முதல்முதலாகச் சிரித்தது அப்போதுதான்.

நூற்றைம்பது ரூபாய்.